இருந்தவர் பாடு

முல்லைத் திணைக்கு உரிய பொருள் இருத்தல் என்று வகுத்தார் தொல்காப்பியர். வினைமேற் சென்றவன் பிரிந்தான். மனையில் நின்றவள் இருந்தாள். அப்பாட்டுகள் யாருடையவை என்று கேட்டால், பெரும்பாலும் இருந்தவளுடையவை என்றே விடை வரும். சென்றவனுக்குத் தேர் உண்டு, பாசறை உண்டு, பகைப்புலம் உண்டு. இருந்தவளுக்கு ஒரு முற்றமும், ஆறுதல் சொல்ல ஒரு தோழியும், எண்ணித் தீராத நாள்களுமே உண்டு. நிகழ்ச்சி என்று சொல்லத் தக்கது அவள் பக்கத்தில் ஒன்றுமே நிகழவில்லை. அவ்வாறு ஒன்றும் நிகழாத இடத்தைத்தான் சங்கப் புலவர் கவிதைக்கு உரிய நிலமாகக் கொண்டனர். இது தமிழ்க் கவிதையியலின் தனிச் சிறப்புகளுள் ஒன்று.

இருத்தலையும் இரங்கலையும் உரையாசிரியர்கள் வேறு பிரித்துக் காட்டியதும் கருதத் தக்கது. வருவான் என்ற துணிவோடு ஆற்றியிருப்பது முல்லை. அத்துணிவு தளர்ந்து ஆற்றாமை மேலிடுவது நெய்தல். இரண்டிலும் பெண் அதே பெண். வீடும் அதே வீடு. நம்பிக்கையின் அளவு மாறும்போது திணையே மாறிவிடுகிறது. மனநிலையை இத்துணை நுட்பமாக அளந்த இலக்கண மரபு உலக இலக்கியத்தில் அரிது.

இத்தகைய மரபின் வழிவந்தவர்கள் இருந்தவரைப் பாட மறந்த இடம் ஒன்று உண்டு. அது தொழிற்சாலை. அதிலும் குறிப்பாக, ஆட்குறைப்பு முடிந்த மறுநாட் காலையில் மணியடித்துத் திறக்கும் தொழிற்சாலை.

மலேசியத் தமிழருள் ஒரு பெரும் பகுதியினர் தோட்டத்திலிருந்து ஆலைக்கு வந்தவர். தென்கோடியான ஜொகூரில் இம்மாற்றம் தெளிவாகத் தெரியும். 1977-இல் பாசீர் கூடாங்கில் துறைமுகம் திறந்தது. அதைச் சூழ்ந்து தொழிற்பேட்டை வளர்ந்தது. செனாய், தெப்ராவ், லார்க்கின், கூலாய் எனப் பேட்டைகள் பெருகின. சிகாமட்டிலும் லாபிசிலும் குளுவாங்கிலும் பால் வெட்டியவர்களின் மக்கள் மின்னணுப் பலகையில் பொருத்துக் கம்பி வைக்கக் கற்றனர். விடியுமுன் பிரட்டுக்கு நின்ற தலைமுறையின் பிள்ளைகள், விடியுமுன் தாமான் முனையில் ஆலைப் பேருந்துக்கு நின்றனர். கங்காணி போய் லைன் லீடர் வந்தார். கித்தா விலை போய் வெளிநாட்டு ‘ஆர்டர்’ வந்தது. விலை விழுந்தாலும் ஆர்டர் விழுந்தாலும் முதலில் விழுவது ஆள்தான் என்பதில் மட்டும் பெரிய மாற்றம் இல்லை.

1997-இல் தொடங்கிய ஆசிய நிதி நெருக்கடியின்போது இது கண்கூடாயிற்று. 1998 என்ற ஒரே ஆண்டில் மலேசியாவில் வேலை இழந்தவராகப் பதிவானவர் 83,000-க்கும் மேற்பட்டோர். அவர்களுள் பாதிக்கு மேல் உற்பத்தித் தொழிலைச் சார்ந்தவர். பின்னர் 2001-இலும் 2008-09-இலும் மின்னணுத் தொழில் தளர்ந்தபோது அதே காட்சி சிறிய அளவில் திரும்பிற்று. வேலை இழந்தவரின் எண்ணிக்கை புள்ளிவிவரத்தில் இருக்கிறது. அவர்கள் விட்டுச் சென்ற ஆலைகளில் அன்று வேலையில் இருந்தவர் எத்தனை பேர், அவர்கள் என்ன ஆனார்கள் என்பது எந்த அட்டவணையிலும் இல்லை. அவர்களுக்குத்தான் வேலை இருக்கிறதே!

‘ஆட்குறைப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அது கணக்கு வாத்தியாரின் சொல். நூறிலிருந்து முப்பதைக் குறைத்தால் மீதி எழுபது. மீதியாகிய எழுபது, குறைக்கப்படுவதற்கு முன்பிருந்த அதே எழுபது; அதில் யாதொரு மாற்றமும் இல்லை என்பது எண்ணின் இயல்பு. மனிதரின் இயல்பு அதுவன்று. முப்பது பேர் போன பின் எஞ்சும் எழுபது பேர், முன்பு நூற்றுவருள் இருந்த எழுபது பேர் அல்லர். இவ்வேறுபாட்டை மறைப்பதற்கென்றே அமைந்தது போன்றது அச்சொல். மற்றொரு சொல் ‘விருப்ப விலகல்’. மலேசியத் தொழிலாளர் இதனை வி.எஸ்.எஸ். என்பர்; தமிழ்நாட்டார் விருப்ப ஓய்வு என்பர். விலகலுக்கு விருப்பத்தை அடைமொழியாக்கியவர் யார் என்று தெரியவில்லை. அவர் இலக்கணம் கற்றவராக இருத்தல் அரிது. வேற்றுமைத் தொகையாக விரித்தால் விருப்பத்தால் விலகல் என்றாகும். யாருடைய விருப்பத்தால் என்ற எழுவாய் மட்டும் தொக்கு நிற்கும். பேச்சு வழக்கு இதைவிட நேர்மையானது. ‘நிப்பாட்டிட்டாங்க’ என்று சொல்கிறார்கள் ஜொகூர்த் தொழிலாளர். அதில் எழுவாய் இல்லாவிடினும் செய்தவர் பன்மையில் இருக்கிறார். செய்யப்பட்டவர் ஒருவராக இருக்கிறார்.

சட்டம் போனவரைப் பற்றிப் பேசுகிறது. 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டப்படி, இரண்டாண்டுக்குக் குறைந்த பணிக்கு நான்கு வாரமும், ஐந்தாண்டுக்குக் குறைந்த பணிக்கு ஆறு வாரமும், அதற்கு மேற்பட்ட பணிக்கு எட்டு வாரமும் முன்னறிவிப்புத் தரல் வேண்டும். 1980-ஆம் ஆண்டின் விதிகள் ஈட்டுத் தொகையை வரையறுத்தன: ஆண்டொன்றுக்கு முறையே பத்து நாள், பதினைந்து நாள், இருபது நாள் சம்பளம். அயல்நாட்டுத் தொழிலாளரை நிறுத்துவதற்கு முன் அதே வேலையிலுள்ள உள்நாட்டாரை நிறுத்தலாகாது. கடைசியில் வந்தவர் முதலில் போகவேண்டும் என்பது தொழில் இணக்கத்துக்கான நடத்தை நெறி கூறும் முறை. 2018 முதல் வேலை இழந்தவருக்குக் காப்புறுதித் திட்டமும் உண்டு. இவையெல்லாம் நல்லவை, போதா என்பார் உளர், அது வேறு வழக்கு. இங்கு நோக்க வேண்டுவது, இருந்தவரைப் பற்றி இவற்றுள் ஓர் எழுத்தும் இல்லை என்பதே. இருந்தவருக்கு நேர்ந்ததைச் சட்டம் அறிய வழியில்லை. அறிய வேண்டியது இலக்கியம்.

அவருக்கு நேர்வது என்ன? மூவர் பார்த்த பொறியை இருவர் பார்ப்பர். போனவர் பெயர் முறைப்பலகையில் அழிக்கப்படும். அழித்த இடம் மட்டும் சில நாள் வெளிறித் தெரியும். பேருந்தில் ஓர் இருக்கை காலியாக இருக்கும். முதல் வாரம் அதில் எவரும் அமரமாட்டார். இரண்டாம் வாரம் ஒருவர் பையை வைப்பார். உண்ணும் கூடத்தில் பேச்சு குறையும். முன்பு காய்ச்சலென்றால் எம்.சி. எடுத்தவர் இப்போது மாத்திரையை விழுங்கிவிட்டு வருவார். ஏனெனில் அடுத்த பட்டியலில் விடுப்பு நாளும் ஒரு கணக்காகும் என்று யாரோ சொல்லியிருப்பார். அந்த ‘யாரோ’ எவர் என்பதை எவரும் கேளார். தொழில் நுணுக்கத்தைப் புதியவருக்குச் சொல்லித் தந்தவர் கையை மூடிக்கொள்வார். தனக்கு மட்டும் தெரிந்த ஒன்று தன்னைக் காக்கும் என்பது அவர் எண்ணம். மேலாளரிடம் சிரித்துப் பேசியவன் சகாக்களின் ஐயத்துக்கு ஆளாவான். அயல்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் வந்த நேப்பாளியையும் வங்காளதேசத்தவரையும் பார்க்கும் பார்வையில் புதிதாக ஒரு முள் ஏறும். அந்த நேப்பாளியோ தனக்கு முன் எவரும் போகக் கூடாதென்று சட்டம் சொல்வதை அறிந்து, தான்தான் வாசலுக்கு மிக அருகில் நிற்பவன் என்று அஞ்சிக்கொண்டிருப்பான். இவற்றோடு, வெளியில் சொல்ல இயலாத ஒன்றும் உண்டு. போனவன் தன்னைவிட நல்ல தொழிலாளி என்று இருந்தவனுக்குத் தெரியும். தெரிந்தும், பட்டியலில் தன் பெயர் இல்லை என்று கண்டபோது நெஞ்சில் எழுந்தது மகிழ்ச்சி என்பதும் தெரியும். அம்மகிழ்ச்சியை அவன் மன்னிக்கமாட்டான். போனவனைக் கடைத்தெருவில் கண்டால் எதிர்ப்புறம் திரும்புவது இதனால்தான், செருக்கினால் அன்று.

மேலைநாட்டு உளவியலார் 1980-களிலிருந்து இதனை ஆராய்ந்து வருகின்றனர். ஜோயல் பிராக்னர் போன்றோர், ஆட்குறைப்புக்குப் பின் எஞ்சியவரின் உழைப்பும் பற்றும் எவ்வாறு மாறுகின்றன என்று சோதனைகள் நடத்தினர். போனவர் நேர்மையாக நடத்தப்பட்டாரா என்பதைப் பொறுத்தே இருப்பவரின் பற்று அமைகிறது என்பது அவர்கள் கண்ட முடிவுகளுள் ஒன்று. நிறுவனத்தார் பெரும்பாலும் இதனை மறந்து, போனவருக்குக் கணக்கை முடித்துவிட்டு, இருப்பவருக்கு ஊக்க உரை நிகழ்த்த ஆளை அழைத்து வருவர். ஊக்க உரையின் முடிவில் உணவுப் பொட்டலமும் உண்டு.

அகத்திணை பயின்ற தமிழாசிரியருக்கு இவையெல்லாம் புதியனவாகத் தோன்றா. பாலைப் பாட்டுகளில் பல, பிரிவு நிகழ்ந்த பின் பாடப்பட்டவை அல்ல; நிகழுமுன் பாடப்பட்டவை. தலைவன் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆயினும் அவன் வழக்கத்துக்கு மேல் அன்பு காட்டுகிறான். அதனால் தலைவி அஞ்சுகிறாள். ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதி செலவழுங்குவித்த பத்தோடு தொடங்குவது கருதத் தக்கது. குறிப்பறிதலே அங்கே துன்பம். ஆலையிலும் அவ்வாறே. ஓ.டி. நின்றுவிட்டது, கிடங்கில் சரக்கு தேங்குகிறது, கழுத்துப்பட்டை அணிந்த இருவர் வந்து பொறிகளை எண்ணிப் போனார்கள், நெடுநாள் கேட்டும் மாற்றாத மின்விசிறியை இன்று மாற்றிவிட்டார்கள். கடைசி ஒன்று கண்டு புதியவன் மகிழ்வான்; பழையவன் முகம் வாடுவான். வழக்கத்துக்கு மேற்பட்ட அன்பு!

முல்லைக்கும் இடம் உண்டு. கார் தொடங்குமுன் வருவேன் என்று சொல்லிச் சென்றான் தலைவன். கார் வந்துவிட்டது, அவன் வரவில்லை. தோழி என்ன செய்வாள்? இது காரே அன்று, மயங்கிப் பெய்த வம்ப மழை என்று சாதிப்பாள். பொய் என்று இருவருக்கும் தெரியும். அப்பொய்யால் ஒரு நாள் கடக்கும். ‘இனி ஆட்குறைப்பு இல்லை’ என்று நிறுவனம் சொன்ன சொல்லையும், அதன்பின் தோன்றும் குறிகளையும் வைத்துக்கொண்டு ஆலைத் தோழர்கள் ஒருவரையொருவர் ஆற்றுவிக்கும் பேச்சு இதே வகையைச் சார்ந்தது. ‘அது வேறே டிபார்ட்மெண்டுக்கு’ என்பது இக்காலத் தோழி கூற்று. வேறுபாடு ஒன்று உண்டு. தலைவிக்குத் தன் தலைவன் நல்லவன் என்ற தேற்றம் இருந்தது. ஆலையில் உள்ளவருக்கு அத்தேற்றம் இல்லை. இருந்ததையும் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எடுத்துக்கொண்டார்கள். ஆகவே அவரது நிலை முல்லையும் அன்று, நெய்தலும் அன்று. பெயரிடப்படாத ஒரு திணை அது.

தோட்டக் காலத்திலும் இருந்தவர் இருந்தனர். 1930 முதல் 1932 வரை உலக மந்தத்தால் கித்தா விலை வீழ்ந்தபோது, ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் மலாயாவிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டனர். அனுப்பப்படாதவர் குறைந்த கூலிக்கு நின்றனர். 1950-களில் ஆங்கிலக் கும்பினிகள் தோட்டங்களை விற்றபோது துண்டாடல் வந்தது. அதனை ஆராய்ந்து அறிக்கை தந்தவர் ஜொகூர் மரபில் வந்த பேராசிரியர் உங்கு அசிஸ். அதற்கு மாற்றாகத் தொழிலாளரே பங்கெடுத்துத் தோட்டம் வாங்கும் கூட்டுறவு இயக்கத்தை 1960-இல் தொடங்கியவர் துன் வீ. தி. சம்பந்தன். 1969-இல் வேலை அனுமதிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது குடியுரிமை இல்லாத பல்லாயிரவர் இந்தியாவுக்குக் கப்பலேறினர். ஒரே லயத்தில் தாள் இருந்த வீடு நின்றது. தாள் இல்லாத வீடு போயிற்று.

இத்துயரங்களுள் துண்டாடலே மலேசியத் தமிழ்ப் புனைகதைக்கு மிகுதியாக வாய்த்தது. காரணம் வெளிப்படை. துண்டாடலில் ஒரு காட்சி இருக்கிறது. லாரியில் ஏறும் சட்டிபானை, பூட்டப்படும் தமிழ்ப்பள்ளி, விளக்கேற்ற ஆளில்லாத மாரியம்மன் கோவில், வாலாட்டிக்கொண்டு பின்னால் ஓடும் நாய். எழுதுவோன் கண்ணை மூடினாலும் இக்காட்சி தோன்றும். படிப்போன் கண்ணில் நீர் வரும். முழுத் தோட்டமும் ஒருங்கே கலைவதால், போனவர் இருந்தவர் என்ற வேறுபாடு எழவே இடமில்லை. 1971-இல் வெளிவந்த எம். குமாரனின் ‘செம்மண்ணும் நீலமலர்களும்’ போலத் தோட்ட வாழ்வை உள்ளிருந்து பார்த்த ஆக்கங்கள் அதனால் சிறந்தன. அப்பெருமையைக் குறைப்பதற்கில்லை. ஆனால் ஆலையில் அத்தகைய காட்சி இல்லை. வாயிற்கதவில் அட்டையைத் தேய்த்தால் விளக்குப் பச்சையாக எரியவில்லை, அவ்வளவுதான். அழுவதற்கு மாரியம்மன் கோவில்கூட வளாகத்துக்கு வெளியே இருக்கிறது.

காட்சி இல்லாத துயரத்தை எழுதக் கூடாத எழுத்தாளர், காட்சியுள்ள பழைய துயரத்தின் அச்சில் அதனை வார்க்கின்றனர். ஆட்குறைப்பைப் பொருளாகக் கொண்ட போட்டிக் கதைகளைப் புரட்டினால் ஒரே தடம் தெரிகிறது. கடிதம் வருகிறது, கதைத்தலைவன் வீட்டுக்கு வருகிறான், மனைவி அடுப்படியில் விம்முகிறாள், அவன் குடிக்கிறான் அல்லது கடை வைக்கிறான், மகன் படித்து அதிகாரியாகிறான். ஆலை முதற் பத்தியோடு மறைந்துவிடுகிறது. ஆலைக்குள் என்ன செய்தான் அவன், எந்தப் பொறியில் நின்றான், பக்கத்தில் நின்றவன் பெயர் என்ன, அவன் போன மறுநாள் அப்பொறியை யார் ஓட்டினார் என்பவை கதைக்கு வேண்டாதவையாகின்றன. தொழிலைப் பற்றிய கதையில் தொழில் இல்லை.

இது மலேசியத்துக்கே உரிய குறை என்று சொல்வது நீதியன்று. புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ 1935-இல் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் காட்டிற்று. அது போனவரின் கதை. ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ 1953-இல் நூலில்லாத தறிகளைக் காட்டிற்று. அங்கே தறி வீட்டுக்குள் இருப்பதால் ஊரே ஒருங்கு பட்டினி கிடந்தது. தமிழ்நாட்டிலும் இருந்தவரின் கதைக்கு வாய்ப்பு வராமலில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் கைப்பேசி செய்த நோக்கியா ஆலையில், 2014-இல் ஏறக்குறைய 5,000 பேர் விருப்ப ஓய்வு பெற்றுப் போயினர். எஞ்சிய சில நூற்றுவர் அப்பெருங்கூடத்தில் அதே ஆண்டு நவம்பர் முதல் நாள்வரை பணிபுரிந்தனர். மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது 2021 செப்டம்பரில். கடைசி வண்டி வெளிவந்தது 2022 ஜூலையில். முடிவு தெரிந்த பின்னும் பத்து மாதம் காருக்குக் கதவு பொருத்தியவரின் கை எப்படி இயங்கியிருக்கும்? 2022 மே இறுதியில் ஈட்டுத் தொகை கேட்டு அவர்கள் வேலையை நிறுத்தியதைச் செய்தித்தாள்கள் எழுதின. மீண்டும் பொறிமுன் போய் நின்ற நாளை எவரும் எழுதவில்லை.

வேலை இருப்பவருக்கு என்ன துன்பம், இலக்கியம் அவருக்காக அழ வேண்டுமா என்று வினவுவார் உளர். வினா புறக்கணிக்கத் தக்கதன்று. வேலை இழந்தவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை. இருந்தவர் வீட்டில் எரிகிறது. இரண்டையும் ஒரு தட்டில் வைக்க முடியாதுதான். ஆயினும் புறநானூற்றைத் திறந்தால் விடை இருக்கிறது. கையறுநிலை என்னும் துறை இறந்தவனைப் பற்றியதாயினும் இருந்தவர் கூற்று. பறம்பு வீழ்ந்த பின் பாரி மகளிர் உயிரோடு இருந்தனர். கபிலர் உயிரோடு இருந்தார். அதுவே அவர்களுக்குப் பாரமாயிற்று; அதுவே பாட்டாயிற்று. உயிரோடு இருந்ததனாலேயே அவர்களுக்குத் துன்பம் இல்லை என்று உரையாசிரியர் எவரும் சொல்லவில்லை. மேலும், இருந்தவரின் நிலையை அறியாதவர் போனவரின் நிலையையும் முழுதும் அறியார். அடுத்த பட்டியலில் போகப்போகிறவர் இன்று இருந்தவர்தாமே. ஒருவரை ஒருவர் ஐயுற்று வாய்மூடிய கூட்டத்தில் அடுத்தவர் போகும்போது கேட்க நாதி இராது. மலேசிய மின்னணுத் தொழிலாளருக்கு நாடளாவிய சங்கம் நெடுங்காலம் மறுக்கப்பட்டு வந்த வரலாற்றை அறிந்தவர், இம்மௌனம் வெறும் மனநிலை அன்று, செய்துவைத்த நிலை என்பதையும் அறிவர்.

நுணுகிப் பார்ப்பது எப்படி என்பதற்கு ஒரு முன்மாதிரி அயல்நாட்டில் உண்டு. வியன்னாவை அடுத்த மரியன்தால் என்னும் ஆலைச் சிற்றூரில் 1930-ஐ ஒட்டி நெசவாலை மூடப்பட்டது. மரீ யாஹோடா முதலிய இளம் ஆய்வாளர் அங்கே போய்த் தங்கி, 1933-இல் ஒரு நூல் எழுதினர். அவர்கள் தெருவில் நடப்பவரின் வேகத்தைக் கணித்தனர். ஆடவர் மெல்ல நடந்தனர், அடிக்கடி நின்றனர். பெண்டிர்க்கு வீட்டு வேலை இருந்ததால் விரைந்தனர். நேரம் மிகுந்தும் நூலகத்தில் இரவல் வாங்குவோர் பெருகவில்லை, குறைந்தனர். இவ்விரு செய்திகளும் நூறு விம்மல்களைவிட மிகுதியாகச் சொல்கின்றன. அவர்கள் புனைகதை எழுதவில்லை. புனைகதை எழுதுவோர் செய்யவேண்டிய முதல் வேலையைச் செய்தனர்.

இது பள்ளியையும் தொடும். ஜொகூரில் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. 1957-இல் நாடெங்கும் 900-க்குச் சற்றுக் குறைவாக இருந்தவை இன்று 530-ஐ ஒட்டி நிற்கின்றன. எஞ்சிய பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுள் பலர் ஆலைத் தொழிலாளரின் பிள்ளைகள். ‘தன்கதை’ என்னும் கட்டுரை வகையை அவர்கள் விரும்பி எழுதுகின்றனர். பேனா பேசும், மிதிவண்டி பேசும், காலணி பேசும். ஆலையில் பிறந்தேன் என்று ஒரு வரியில் தொடங்கி, கடையில் கண்ணாடிப் பேழையில் இருந்து, ஒருவரால் வாங்கப்பட்டு, உழைத்துத் தேய்ந்து, குப்பைத் தொட்டியில் கிடக்கும்போதும் தன் கடமையை எண்ணிப் பெருமைப்படும். பேனாவுக்குக்கூட ஈட்டுத் தொகை இல்லை என்பது ஒருபுறம் இருக்க, ஆலையில் பிறந்தேன் என்ற அந்த ஒரு வரி எத்தனை வரியாக நீளக் கூடும் என்று ஆசிரியர் ஒருவர் கேட்டுப் பார்க்கலாம். தாயோ தந்தையோ இரவுப் பணிக்குப் போய் வரும் வீட்டுப் பிள்ளைக்கு அது தெரியாதிராது. எந்தப் பிரிவு, எத்தனை மணி, யார் லைன் லீடர், அம்மா சில நாளாக ஏன் பேசுவதில்லை என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். கட்டுரையில் எழுதத் தக்கவை என்று மட்டும் தெரியாது.

தமிழில் இத்திணைக்கு மிக அணுக்கமாக வந்த ஆக்கம் ஆலையைப் பற்றியதே அன்று. அசோகமித்திரனின் ‘கரைந்த நிழல்கள்’ ‘தீபம்’ இதழில் தொடராக வந்து 1969-இல் நூலாயிற்று. அது திரைப்படத் தொழிலைப் பற்றியது. ஆசிரியர் ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். படமெடுப்பதும் ஒரு வகை உற்பத்திதான். அதற்கும் வண்டி, சாப்பாடு, கூலி, பொறி, கணக்கு எல்லாம் வேண்டும். நாவல் தொடங்கும்போது அவ்வேலையெல்லாம் மும்முரமாக நடக்கிறது. பின்னர் படம் நின்றுபோகிறது. அதனால் குடிமூழ்கிப் போனவர்களின் வீட்டுக்கு ஆசிரியர் நம்மை நெடுநேரம் அழைத்துச் செல்வதில்லை. யாரும் நெடுமொழி பேசுவதில்லை, விம்முவதில்லை. ஒருவர் இடத்தை மற்றவர் எடுத்துக்கொள்கிறார். வேறொரு படம் தொடங்குகிறது. வண்டி வருகிறதா, இட்டிலி வந்ததா என்ற பழைய கேள்விகளையே புதியவர்கள் கேட்கிறார்கள்.

நூலின் ஆற்றல் அதன் அமைப்பிலும் இருக்கிறது. ஒவ்வோர் அதிகாரமும் வேறு ஒருவர் பக்கமாகச் சாய்கிறது. முன் அதிகாரத்தில் நடுவில் நின்றவர் பின் அதிகாரத்தில் ஓரத்தில் கடந்து போகிறார். சில சமயம் பெயராக மட்டும் வருகிறார். ஒருவரும் கதைத்தலைவர் அல்லர். ஒருவர் போனால் கதை நிற்பதில்லை. தொழிலிடம் தன் ஆள்களை எப்படி நினைக்கிறதோ அப்படியே நாவலும் நினைப்பது போல் நடந்துகொள்கிறது. முதலிற் படிப்போருக்கு இது கல்நெஞ்சாகத் தோன்றும். இரண்டாம் முறை படிக்கும்போது, அந்த நடை எவ்வளவு கொடியதை எவ்வளவு அமைதியாகச் செய்து காட்டுகிறது என்பது விளங்கும். தலைவன் ஒருவனையே சுற்றி வரும் போட்டிக் கதைக்கு இது வாய்க்காது. தலைவன் என்று ஒருவனை ஆக்கியவுடனே அவன் மற்ற அறுபத்தொன்பது பேரிலிருந்து பிரிந்துவிடுகிறான். அவர்களுக்குள் நடப்பதைக் காட்ட வழியில்லாமற் போகிறது.

தயாரிப்பு நிர்வாகி நடராஜனை எடுத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் அத்தனை ஆள்களையும் வண்டிகளையும் ஓட்டியவர் அவர். அவருடைய வீழ்ச்சிக்கு என்று ஆசிரியர் ஓர் அதிகாரம் ஒதுக்கவில்லை. அவர் தெருவுக்கு வந்துவிட்ட செய்தி, அவரோடு வேலை செய்து இன்னும் அத்தொழிலிலேயே இருக்கிற இருவர் பேசிக்கொள்ளும்போது, பேச்சோடு பேச்சாகத் தெரிய வருகிறது. கேட்டவர் அதிர்ந்துபோய் எழுந்து ஓடவில்லை. பேச்சு வேறு பொருளுக்குத் திரும்புகிறது.